கங்கையில் சுறா உண்டா?

சென்ற மாசி மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து என் பெரியப்பா கல்கத்தாவுக்கு வந்திருந்தார். இந்நகரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என மாறிவிட்டது; ஆயினும் நம் வீடுகளில் இன்றும் அது கல்கத்தாதான். கங்கை கடலோடு கலக்கும் கங்காசாகரத்தில் அமாவாசையன்று நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அமாவாசைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆகவே வந்த மறுநாள் விடியற்காலையில் அவரைப் பாபுகாட் படித்துறைக்கு அழைத்துச் சென்றேன்.

வடக்கே ஹௌரா பாலம் பனிமூட்டத்தில் பாதி மறைந்து நின்றது. படிகளில் எண்ணெய் தேய்த்துக்கொள்வோர் சிலர். செவ்வந்தி மாலையை நீரில் விட்டுக் கைகூப்புவோர் சிலர். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. செம்மண் கரைத்தாற்போன்ற நீர் ஒவ்வொரு படியாக மேலே வந்தது. நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். பெரியப்பா இறங்கவில்லை. கண்ணைச் சுருக்கி நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்த ஆற்றிலே சுறா உண்டா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் கடற்கரையில் பிறந்தவன். கலங்கிய நீரில் காலை வைக்குமுன் அங்கே குடியிருப்பது யார் என்று கேட்பது எங்கள் பழக்கம்" என்றார்.

முப்பது ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்கிறேன். இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. "இங்கே அதெல்லாம் இல்லை, பெரியப்பா" என்று சொல்லி அவரை நீராடச் செய்தேன். ஆனால் மனம் அமைதியுறவில்லை. அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் புத்தகங்களைப் புரட்டினேன். விடை எனக்கே வியப்பாக இருந்தது. கங்கையில் சுறா உண்டு. அதுவும் இந்த ஹூக்ளி நதியின் பெயரோடு ஒட்டிப் பிறந்த சுறா!

1839-இல் முல்லர், ஹென்லே என்னும் இரு ஜெர்மானிய விலங்கியலார் ஒரு புதிய சுறாவைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். கடலிலிருந்து வெகு தொலைவில், ஹூக்ளி ஊரருகே ஆற்றில் பிடிபட்டது அது. கங்கையின் பெயரையே அதற்கு இட்டனர். அறிவியலார் இன்று அதனை 'கிளைபிஸ் கேஞ்செடிகஸ்' என்று வழங்குகின்றனர்; நாம் கங்கைச் சுறா எனலாம். ஆறும் கழிமுகமுமே அதன் வீடு. கண்கள் மிகச் சிறியவை. கலங்கல் நீரில் கண்ணால் ஆவது குறைவு. இரையின் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்னலையைத் தன் மூக்கின் மேலுள்ள நுண்துளைகளால் உணரும் ஆற்றல் எல்லாச் சுறாக்களுக்கும் உண்டு.

பின்னர் பிரான்சிஸ் டே என்பவர் வந்தார். இவர் நம் சென்னை இராஜதானியின் மருத்துவப் பணியில் இருந்த ஆங்கிலேயர்; மலையாளக் கரை மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு நூலும், இந்திய மீன்கள் அனைத்தையும் பற்றி 1875 முதல் 1878 வரை ஒரு பெருநூலும் எழுதியவர். ஆற்றில் ஏறிவரும் இந்தச் சுறா மிகக் கொடியது, நீராடுவோரைத் தாக்கும் வாய்ப்பைத் தவறவிடாதது என்ற கருத்தில் அவர் எழுதிவைத்தார். அக்காலத்துக் கரையோரத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இறந்தோர் உடலை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. நகரத்தின் கழிவெல்லாம் ஆற்றையே சேர்ந்தது. பிணமும் கழிவும் மிதக்கும் அதே நீரில் ஆயிரக்கணக்கானோர் விடியலிலும் அந்தியிலும் நின்று நீராடினர். சுறாவை விருந்துக்கு அழைத்துவிட்டு, விருந்தாளி வந்துவிட்டதே என்று அலறியது போன்ற நிலை அது.

ஆனால் பழி உரியவனைச் சேரவில்லை போலும். வெப்பநாட்டுக் கடல்களிலெல்லாம் வாழும் வேறொரு சுறா உண்டு. ஆங்கிலத்தில் 'புல் ஷார்க்' எனப்படும் அதனைக் காளைச் சுறா என்று சொல்லிக்கொள்வோம். பருத்த உடல், அகன்று அரம்போல் விளிம்புடைய பற்கள், அஞ்சா நெஞ்சம். கடல்மீன் பெரும்பாலும் நன்னீரில் உயிர்வாழாது. காளைச் சுறாவோ தன் குருதியிலுள்ள உப்பின் அளவைக் காத்துக்கொண்டு, மிகுந்த நீரைச் சிறுநீராகக் கழித்து, ஆற்றிலும் பல நாள் வாழவல்லது. 1937-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் ஒன்று பிடிபட்டது. இதுவும் கங்கையில் ஏறிவரும். முன்னாளில் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்தோர் குறைவு. காளைச் சுறா செய்த கொலை பலவும் கங்கைச் சுறாவின் கணக்கில் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதே இன்றைய விலங்கியலாரின் கருத்து. கங்கைச் சுறாவின் பற்கள் மீன் பிடிக்கவே ஏற்றவை என்கின்றனர்.

அந்தக் 'கொடியவன்' இன்று எங்கே? வலையும், அணைகளும், நீர் மாசும் சேர்ந்து அதனைக் கண்ணுக்கே அரிதாக்கிவிட்டன. 2001-இல் இந்திய அரசு அதனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு அளிக்கும் காப்போடு சேர்த்தது. 2016-இல் பம்பாயின் சசூன் துறையில் ஒரு பெண் சுறா கரைக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காணாத உயிரைக் கண்டதாக அறிஞர் மகிழ்ந்தனர். அதுவும் மீனவர் வலையில் மாண்டு வந்ததே. ஹூக்ளியின் பெயரால் அறியப்பட்ட உயிர் ஹூக்ளியில் தேடவேண்டிய பொருளாகிவிட்டது.

இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்படியானால் பயமில்லை என்கிறாயா, பாவம் என்கிறாயா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் கங்காசாகரம் போகும் வழியில் கிடைத்தது.

அமாவாசைக்கு முதல்நாள் சியால்தாவில் ரயிலேறிக் காக்துவீப் சென்றோம். அங்கிருந்து ஹார்வுட் பாயிண்ட் துறையை அடைந்து, முரிகங்கை என்னும் அகன்ற கிளைநதியைப் படகில் கடக்கவேண்டும். மறுகரையில் கச்சுபேரியா, அங்கிருந்து தீவின் தென்கோடிக் கடற்கரை வரை மோட்டாரில் போகலாம். நீர் வற்றும் வேளையில் வண்டல் மேட்டில் படகு தட்டும் என்பதால், ஓதம் ஏறும் வரை துறையில் காத்திருக்க நேரிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண்களைக் கண்டோம். இடுப்பளவு நீரில் ஐந்தாறு பேர், மூங்கில் சட்டத்தில் கட்டிய நீல நிறக் கொசுவலை போன்ற வலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கரையோரமாகவே மெல்ல நடந்தனர். சிறிது தூரம் நடந்ததும் ஒருத்தி கரையேறி, வலையில் ஒட்டியதைச் சட்டியில் உதறி, வெள்ளைச் சிப்பியால் ஏதோ நுண்பொருளைப் பொறுக்கினாள். அருகே சென்று பார்த்தேன். கண்ணாடி ஊசி போன்ற இறால் குஞ்சுகள்! அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'மீன்'. நம் சொல்லேதான், ஆனால் இங்கே மீன் பிடிப்பது என்றால் பாக்தா இறாலின் குஞ்சைப் பிடிப்பது என்று பொருள். இக்குஞ்சுகள் பேரி எனப்படும் உவர்நீர்ப் பண்ணைகளுக்குப் போய் வளர்ந்து, பெரிய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லும். 1980-களில் இறால் ஏற்றுமதி பெருகியதிலிருந்து சுந்தரவனத்து ஏழைப் பெண்களுக்கு இது ஒரு பிழைப்பாயிற்று.

"தீதி, இந்நீரில் பயமில்லையா?" என்று வங்காளியில் கேட்டேன்.

"பயமில்லாமலா, தாதா? முதலை உண்டு, காமோட் உண்டு" என்றாள் அவள், பொறுக்குவதை நிறுத்தாமலே.

காமோட் என்பது இவ்வாறுகளில் வரும் சுறாக்களுக்கு இம்மக்கள் வழங்கும் பெயர். சவரக் கத்தி போல் அறுத்துவிடும். கடிபட்டவருக்கு அந்த நொடியில் வலிகூடத் தெரியாது. நீர் சிவந்த பிறகே தெரியும் என்று சொல்வார்கள். காலை இழந்தோர் உண்டு. உயிரை இழந்தோரும் உண்டு.

"அப்படியானால் அது வராத வேளையாகப் பார்த்து இறங்கலாமே?" என்றேன். படித்ததன் பெருமை எனக்கு.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஓதம் ஏறும்போதுதான் மீன் வரும். காமோட்டும் அப்போதுதான் வரும். வேறு வேளையில் இறங்கினால் வலையில் தண்ணீர்தான் வரும், தாதா" என்றாள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் பெரிய ஓதங்களில்தான் குஞ்சு மிகுதி என்றும் சொன்னாள்.

நான் வாயடைத்து நின்றேன். என்ன கேட்டாய், என்ன சொன்னாள் என்று பெரியப்பா வினவினார். மொழிபெயர்த்துச் சொன்னேன். படகில் ஏறி நடு ஆற்றுக்கு வரும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "அவளுக்குக் கடல்கட்டி இல்லை" என்றார்.

கடல்கட்டியைப் பற்றி நம் இளைய தலைமுறையினர் அறிந்திருக்கமாட்டார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் ஒருவர் இருந்தார். அவரே கடல்கட்டி. அவர் சடங்கு செய்து முடிக்காமல் எந்தக் குளியாளும் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு நீரில் இறங்கமாட்டான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் இவர்களைக் குறிப்பிடுகிறார். முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊதியம். மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் முத்தெடுக்கக் கூடாதென்று! 19-ஆம் நூற்றாண்டில் அப்பணியில் இருந்தவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்புக் குறையவில்லை என்றும் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் கூறுகிறார்.

"நான் சிறுவனாயிருந்தபோது, 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. கடல்கட்டியை நான் கண்டதில்லை, தாத்தா சொல்லக் கேட்டதுதான்" என்றார் பெரியப்பா. "மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, மனிதர் கட்டுப்பட்டார்கள். எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள், ஒன்றாகக் கரையேறுவார்கள். தனியே எவனும் போகமாட்டான். இருட்டில் எவனும் போகமாட்டான்."

இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. நூற்றுக்கணக்கான படகுகளும் ஆட்களும் எழுப்பிய ஆரவாரமே சுறாக்களை விலக்கியது என்று அக்காலத்தில் நேரில் கண்டோர் கருதினர். பகலில் இறங்கு, கூட்டமாக இறங்கு, காவலர் சொன்னபின் இறங்கு என்ற மூன்று விதிகளும் மந்திரத்தின் உள்ளே பொதிந்திருந்தன. அதற்கும் முன்னே, நம் பட்டினப்பாலையில் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, பௌர்ணமி நாளில் கடலுக்குப் போகாமல் ஓய்ந்திருந்த செய்தி வருகிறது. அஞ்சவேண்டியதை வணங்கி, அதற்குரிய வேளையில் விலகி நின்ற மக்கள் அவர்கள்.

இன்று உலகம் இதற்கு என்ன செய்கிறது? 1860 முதல் நம்மவர் குடியேறிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1952-இல் கடற்கரைக்கு அப்பால் சுறா வலைகள் போடப்பட்டன. வலை என்றதும் வேலி என்று எண்ணவேண்டாம். அது கரையை முழுவதும் அடைப்பதில்லை. நெருங்கும் சுறாவைச் சிக்கவைத்துக் கொல்வதே அதன் வேலை. ஓங்கிலும் ஆமையும்கூட அதில் சிக்கி மடிகின்றன. தமிழ் வழிவந்தோர் மிகுந்து வாழும் ரியூனியன் தீவில் 2011 முதல் 2019 வரை 11 பேர் சுறாவுக்குப் பலியாயினர். 2013-இல் காப்பற்ற கரைகளில் நீந்துவதற்கே அரசு தடைவிதித்தது. கேப் டவுன் நகரத்தார் 2004-இல் வேறு வழி கண்டனர். மலைமேல் ஒரு காவலர் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீர் தெளிந்து சுறா இல்லையேல் பச்சைக் கொடி, கலங்கலாயின் கருங்கொடி, சுறா வந்துவிட்டால் சங்கொலி எழும்பி வெள்ளைக்கொடி ஏறும், அனைவரும் கரையேறுவர். சுறாவைக் கொல்லாமலே மனிதரைக் காக்க முயலும் வழி இது. இதைச் சொன்னபோது பெரியப்பா, "அவனும் கடல்கட்டிதான்" என்றார்.

ஆனால் மலையும் கொடியும் தெளிந்த கடலுக்கு உதவும். முரிகங்கையின் சேற்று நீருக்கு உதவா. அங்கே காப்பது வேறு. ஒரிசாவின் பிதர்கனிகாவில் முதலைகள் மிகுந்த ஆறுகளில், கிராமத்தார் குளிக்கவும் துவைக்கவும் வனத்துறையார் வேலியிட்ட படித்துறைகள் அமைத்திருக்கின்றனர். அதுபோல் வேலியுள்ள துறைகள் குளிப்போரைக் காக்கும். இறால் குஞ்சு பிடிப்போரைக் காக்க அதுவும் போதாது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பொரிப்பகங்களில் குஞ்சு உண்டாக்குகின்றனர். அக்குஞ்சு பண்ணைக்குப் போனால் ஒரு பெண்ணும் ஆற்றில் நிற்கவேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு அன்று மாலை அரிசி எங்கிருந்து வரும்? வேறு தொழிலையும் கூடவே கொடுத்தால்தான் அவள் கரையேற முடியும். முத்துக் காலத்தில் காவலின் செலவை முத்தால் பயன்பெற்றோர் இருபதில் ஒரு பங்காகக் கொடுத்தனர். இறாலால் பயன்பெறும் நாம் அவள் காவலுக்கு என்ன கொடுக்கிறோம்? சந்தையில் இறாலுக்கு விலை பேசும்போது இக்கேள்வி என் மனத்தில் இனி எழாமல் இராது.

நம் குடும்பங்களுக்குச் சொல்லவேண்டியவை சில உண்டு. விடுமுறையில் நாம் போகும் திகா, மந்தார்மணி, பூரி ஆகிய கரைகளில் சுறாவைவிட அஞ்சத்தக்கது அலையும் நீரோட்டமுமே. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுறாவால் இறப்போர் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவு. நீரில் மூழ்கி இறப்போர் சுமார் மூன்று லட்சம். ஆகவே பூரியில் கூம்புத் தொப்பி அணிந்த நுலியாக் காவலர் சொல்லைத் தட்டாதீர்கள். ஆற்றுமுகத்தில் நீராடுவோர் விடியுமுன்னும் அந்தியிலும் இறங்கலாகாது. மழைக்குப்பின் கலங்கிய நீரும், மீன் கழுவும் துறையும் ஆகா. புண்ணோடும், பளபளக்கும் நகையோடும், தனியாகவும் இறங்கவேண்டாம்.

இன்னொன்று நம் அடுக்களையைப் பற்றியது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கவென்று பால்சுறா வாங்கிப் புட்டுச் செய்வது நம் வழக்கம். ஊரிலிருந்து வரும் பாட்டிமார் இங்கேயும் அதைத் தேடுவர். சுறா பல ஆண்டுகள் சென்றே முதிர்ந்து, சில குட்டிகளையே ஈனும் இனம். இக்கழிமுகத்தில் வலையில் ஏறும் சிறுசுறா எது, காக்கவேண்டிய கங்கைச் சுறாவின் குட்டி எது என்று வாங்குவோர் அறியமுடியாது. மேலும் சுறாவின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், கருவுற்றோரும் பால் கொடுப்போரும் அதனைத் தவிர்ப்பது நலம் என்று மருத்துவ உலகமே எச்சரிக்கிறது. நம் கடற்கரையார் காரல் மீன் சாற்றையும் இதற்கே கொடுப்பர். பாட்டியிடம் பணிவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

மறுநாள் பொழுது நன்றாகப் புலர்ந்த பின்னரே நீராடப் போனோம். பழைய கோயில்களைக் கடல் கொண்டுபோன அக்கரையில், இன்றைய கபில முனிவர் கோயில் பின்வாங்கி நிற்கிறது. கங்காதேவியின் வாகனம் மகரம். மகரம் என்ற சொல்லுக்கு நம் நிகண்டுகள் சுறா என்றே பொருள் கூறுகின்றன; மகர ராசிக்கும் சுறவு என்று பெயர். எந்த உயிரை அஞ்சினோமோ அதன்மேல் தாயை அமர்த்தி வழிபட்டனர் நம் முன்னோர்.

பெரியப்பா முழங்காலளவு நீரில் நின்று எள்ளும் நீரும் இறைத்தார். தாத்தாவின் பெயரையும் பாட்டியின் பெயரையும் சொன்னார். பிறகு ஒரு கை நீரைப் பெயர் சொல்லாமல் விட்டார்.

"அது யாருக்கு, பெரியப்பா?" என்றேன்.

"இந்த நீரில் காலையும் உயிரையும் விட்ட பெண்கள் இருப்பார்களே, அவர்களுக்கு" என்றார்.

திரும்பும்போது கச்சுபேரியாத் துறையில் மீண்டும் ஓதத்துக்குக் காத்திருந்தோம். நீர் ஏறத் தொடங்கியதும், எதிர்க்கரையில் நீல வலைகள் ஒவ்வொன்றாக ஆற்றில் இறங்கின.